பள்ளிக்கூட வாசற்கதவுப் படலம்

ஜப்பான் தொலைக்காட்சியில் 1969இல் ஆரம்பித்து 2011 வரை ஓடிய தொடர் ஒன்று உண்டு. பெயர் ‘மிதோ கோமொன்’. வெள்ளைத் தாடி வைத்த ஓய்வுபெற்ற பிரபு ஒருவர், சாதாரண வியாபாரி வேடத்தில் ஊர் ஊராகப் போவார். போகிற ஊரில் எல்லாம் லஞ்சம் வாங்கும் அதிகாரி ஒருவன் இருப்பான், கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு பெண்ணும் இருப்பாள். முடியும் நேரத்தில் ஒரு கைகலப்பு நடக்கும். அடிதடி ஓய்ந்ததும் கிழவரின் ஆள் ஒருவன் இடுப்பிலிருந்து சின்ன மருந்துப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டுவான். அதில் தொக்குகவா குடும்பத்து முத்திரை இருக்கும். அவ்வளவுதான், வில்லன் உட்பட முற்றமே மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைக்கும். நாற்பத்திரண்டு வருஷம் இதையே காட்டியும் ஜனங்களுக்கு அலுக்கவில்லை.

நிஜக் கிழவர் தொக்குகவா மித்சுகுனி (1628–1701), மிதோ சமஸ்தானத்தின் அதிபதி. நாடெங்கும் சுற்றியதெல்லாம் பின்னாட்களில் கதைக்காரர்கள் கட்டிவிட்டது. கிழவர் பெரும்பாலும் வீட்டோடு இருந்து, ஜப்பானின் முழு வரலாற்றையும் எழுதச் சொல்லிப் பண்டிதர்களை விரட்டிக்கொண்டிருந்தார். 1657இல் தொடங்கிய அந்த நூல் 1906இல் முடிந்தது. ‘கோமொன்’ என்பது அவருடைய பதவிப் பட்டம். பழைய சீன அரண்மனையில் மஞ்சள் வாசலுக்கு உட்பக்கம் வேலை பார்த்த அதிகாரிகளின் பெயரை ஜப்பான்காரர்கள் இரவல் வாங்கித் தங்கள் பதவிக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூட வாசலுக்கும் ஜப்பானிய மொழியில் கோமொன் என்றே பெயர். எழுத்து வேறு. இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, சாப்பிட்டதெல்லாம் கடைசியில் வெளியேறுகிறதே, உடம்பின் அந்தப் பின்வாசலுக்கும் மருத்துவர்கள் சொல்லும் பெயர் கோமொன்தான். “நாளை முதல் கோமொன் சரியாக எட்டரைக்கு மூடப்படும்” என்று தலைமையாசிரியர் மைக்கில் அறிவிக்கும்போது கடைசி வரிசைப் பையன்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த வரிசை சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நாம் பார்க்கப்போவது நடுக் கோமொனை. அதன் சரித்திரத்தைக் கிளறினால் ஒன்று தெரிகிறது. பிள்ளைகளை உள்ளே விட என்று கட்டிய வாசல் ஜப்பானில் குறைவு. பிரபுவுக்காக, கல்யாணப் பெண்ணுக்காக, சக்கரவர்த்தியின் படத்துக்காக, கடைசியில் கடிகாரத்துக்காக என்று கட்டியதுதான் நிறைய. பிள்ளைகள் ஏதோ சந்தடியில் உள்ளே போய்வந்திருக்கிறார்கள்.

எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, சாதாரண வீட்டுப் பிள்ளைகள் படித்த இடம் தெராகோயா. கோயில் மண்டபம், வாத்தியார் வீட்டுக் கூடம், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. வாசல், மதில் எதுவும் கிடையாது. ஆறேழு வயதில் பிள்ளை தன் மேசையோடு போய்ச் சேரும். அடம் பிடித்தால் தண்டனைக்கு ஒரு வினோத ஏற்பாடு இருந்தது. ஒரு கையில் தண்ணீர் ததும்பும் கிண்ணம், இன்னொரு கையில் புகைகிற ஊதுபத்தி. தண்ணீர் சிந்தாமல் அசையாமல் இருக்க வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டுப் பெரியவரோ வாத்தியார் சம்சாரமோ வந்து, “சின்னப் பிள்ளை, தெரியாம செஞ்சிடுச்சு, விட்டுடுங்க” என்று மன்னிப்புக் கேட்பார்கள். வாத்தியாரும் அதற்காகவே காத்திருந்தவராக விட்டுவிடுவார். யார் மானமும் போகாது. வெளியே பூட்டி நிறுத்துகிற யோசனை யாருக்கும் வரவில்லை, பூட்டுவதற்குக் கதவு இல்லை என்பதும் ஒரு காரணம்.

வாசல் வைத்துக்கொண்டது பெரிய இடத்துப் பள்ளிகள். ஆஷிகாகாவில் ஒரு பழம்பெரும் கல்விச்சாலை இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பான் போன பிரான்சிஸ் சவேரியாரே அதன் புகழைக் கடிதத்தில் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அங்கே 1668இல் கட்டிய வாசலில் பெரிய பலகை ஒன்று தொங்குகிறது. வள்ளல் பெயர், ஊர்ப் பெயர், திறந்துவைத்தவர் பெயர் எதுவும் அதில் இல்லை. ‘பள்ளி’ என்று இரண்டே எழுத்து. வாசல்களில் இதைவிட நேர்மையான பலகையை நான் கேள்விப்பட்டதில்லை.

ஷிசுதானிக்கு வருவோம். ஒகாயாமா பக்கத்து மலைப் பள்ளத்தாக்கு. 1670இல் அந்தச் சமஸ்தானத்து அதிபதி இக்கேதா மித்சுமாசா அங்கே ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். சாமுராய் பிள்ளைகளுக்கு மட்டும் என்றில்லாமல் குடியானவன் வீட்டுப் பிள்ளையும் படிக்கலாம் என்றார். அந்தக் காலத்துக்கு அது பெரிய மனசு. கட்டிக்கொடுத்தவர் சுதா நாகதாதா. மனிதர் கை வைத்தால் எதுவும் லேசில் போகாது. சுற்றிலும் 765 மீட்டர் கல் மதில், மேல்புறம் உருட்டி வழித்தது போல வளைந்து, இன்றும் கல் நகராமல் நிற்கிறது. கூரையெல்லாம் செம்பழுப்பு பிசென் ஓடு. 1701இல் முடிந்த அதன் பிரதான வாசலுக்குக் கோமொன் என்பது கணக்கில் உள்ள பெயர், நாரைக் கூவல் வாசல் என்பது செல்லப் பெயர். கதவைத் திறக்கும்போது எழும் கிறீச்சொலி நாரை கூவுவதாக இருக்கிறதாம். எண்ணெய் போடாத கீலுக்கு இப்படி ஒரு கவிதைப் பெயர் சூட்ட ஜப்பான்காரனால்தான் முடியும். மிதோ கோமொன் கிழவர் கண்மூடியதும் அதே 1701இல்தான். ஒரு கோமொன் போய், ஒரு கோமொன் வந்தது.

ஷிசுதானியில் வாசல் ஒன்றல்ல, நாலு. கூவுகிற கோமொன் கன்ஃபூசியஸ் சன்னிதிக்கு நேர் எதிரே மரியாதைக்கு நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் அதிபதி வந்தால் மட்டும் நுழைய ஒரு தனி வாசல். அதற்கும் உச்சரிப்பு கோமொன்தான், எழுத்து மட்டும் வேறு. மூன்றாவது சமையற்கட்டுப் பக்கம். அப்படியானால் படிக்க வந்த பையன்கள் எப்படி உள்ளே போனார்கள்? தண்ணீர் குடிக்கும் அறைக்கு எதிரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள், அது வழியாக. முனிவருக்கு ஒன்று, மன்னருக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று, மிச்சம் இருந்தது மாணவனுக்கு.

மிதோ கோமொன் வம்சத்திலேயே அப்புறம் வந்த தொக்குகவா நாரியாகி, 1841இல் மிதோவில் கோதோகான் என்ற மாபெரும் பள்ளியைத் திறந்தார். வைத்தியம் முதல் வாள்வீச்சு வரை எல்லாம் உண்டு. கனமான மரத்தில் கம்பீரமான பிரதான வாசலும் உண்டு. ஆனால் அது அதிபதி எழுந்தருளும் நாளிலும் விசேஷச் சடங்கு நாளிலும் மட்டுமே திறக்கும். படிக்கிறவன் பக்கத்து வழியாகப் போக வேண்டியதுதான். திறக்காமலே பத்திரமாக வைத்திருந்த அந்த வாசலுக்கு 1868இல் சோதனை வந்தது. நாரியாகியின் மகன் யோஷிநோபு கடைசி ஷோகனாக இருந்து ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, சின்ன வயதில் தான் படித்த இதே கோதோகானுக்குள் வந்து சில மாதம் அடங்கிக் கிடந்தார். அவர் போன பிறகு மிதோ ஆட்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி பள்ளிக்குள் புகுந்துகொள்ள, இன்னொரு கட்சி வெளியிலிருந்து சுட்டது. குண்டு பாய்ந்த வடு வாசல் தூணில் இன்றைக்கும் இருக்கிறது. மாணவனுக்குத் திறக்காத வாசல் தோட்டாவுக்கு வழி விட்டது.

இப்போது எல்லா வாசலுக்கும் தாத்தாவான சிவப்பு வாசலுக்கு வருவோம். அகாமொன். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் அடையாளம். ‘அவன் அகாமொன்காரன்’ என்றால் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவன் என்று பொருள். பெற்றோர் சொல்லும்போது கண்ணில் ஈரம் வரும். பரீட்சை எழுதப் போகிறவன், எழுதித் தோற்றவன், சும்மா ஊர் பார்க்க வந்தவன் என்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம். இவ்வளவு கல்வி மணம் கமழும் இந்த வாசலுக்கும் கல்விக்கும் பிறப்பிலே ஒரு சம்பந்தமும் கிடையாது. இது ஒரு கல்யாணச் செலவு.

கதை இப்படி. பதினோராவது ஷோகன் தொக்குகவா இயெநாரிக்குப் பெற்ற பிள்ளைகள் ஐம்பதுக்கும் மேல். நாட்டை ஆள்வது போக மிச்ச நேரத்தில் அவர் இதைச் செய்தாரா, இதைச் செய்தது போக மிச்ச நேரத்தில் நாட்டை ஆண்டாரா என்பது சரித்திரக்காரர்கள் பாடு. பெற்றுவிட்டால் கரையேற்ற வேண்டுமே. எடோ கோட்டையில் வரன் தேடும் இலாகா ஓயாமல் வேலை செய்திருக்கும். ஷோகன் வீட்டுச் சம்பந்தம் என்றால் பிரபுக்களுக்குப் பெருமைதான், கூடவே வயிற்றைக் கலக்கும். ‘எங்களுக்கு அந்த அந்தஸ்து இல்லீங்க’ என்று நழுவவும் முடியாது, சிரித்த முகமாகச் செலவழிக்கவும் முடியாது.

யாசு இளவரசிக்கு அமைந்த இடம் காகா சமஸ்தானம். பத்து லட்சம் கோகு அரிசி விளையும் பூமி. ஒரு கோகு என்பது ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி என்று பழைய கணக்கு. பிரபுக்களில் அதுதான் முதல் பணக்கார வீடு. மாப்பிள்ளை மாயேதா நாரியாசு 1811இல் பிறந்தவர், 1827இல் கல்யாணம். வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பெண் வீட்டார் சீர் கொண்டு வருவார்கள். அங்கே ஷோகன் மகளைக் கட்டிக்கொண்டால் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்கென்று மாளிகை கட்டி, அதற்குச் சிவப்புச் சாயம் பூசிய வாசலும் வைக்க வேண்டும். ஹொங்கோவில் இருந்த மாயேதா மாளிகையின் பக்கவாட்டில் அப்படி எழுந்ததுதான் அகாமொன். ஓட்டு முகப்பைக் கிட்டே போய்ப் பார்த்தால் தொக்குகவா வீட்டு மூவிலை முத்திரையும் மாயேதா வீட்டுப் பிளம் பூ முத்திரையும் சேர்ந்து தெரியும். கல்யாணப் பத்திரிகையை ஓட்டில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த வகைச் சிவப்பு வாசல் தீப்பிடித்து எரிந்துபோனால் திரும்பக் கட்டக் கூடாது என்பது வழக்கமாம். எடோ நகரமோ எப்போது பார்த்தாலும் தீப்பற்றிக்கொள்ளும் மரநகரம். சம்பந்தி கொடுத்த கௌரவத்தை ஒரு பொறி சாம்பலாக்கினால் அதோடு போச்சு. மாயேதா வீட்டுத் தீயணைப்புப் படை எடோவிலேயே பேர்போனது என்பதில் ஆச்சரியமில்லை. மற்ற பிரபுக்களின் சிவப்பு வாசல்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர, இது மட்டும் தீ, பூகம்பம், புரட்சி எல்லாம் தாண்டி நின்றது.

1868இல் ஷோகன் ஆட்சியே போனது. மாளிகையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1877இல் தோக்கியோ பல்கலைக்கழகம் பிறந்து, பிறகு ஹொங்கோ நிலத்தில் கடைபோட்டது. வாசல் ஏற்கெனவே தயார். 1903இல் அதைப் பதினைந்து மீட்டர் தெருப்பக்கம் நகர்த்தி வைத்தார்கள், மருத்துவக் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்று. பல்கலைக்கழகத்துக்கென்றே ஒரு பிரதான வாசலை, கட்டடக்கலைஞர் இத்தோ ச்சூதாவைக் கொண்டு 1912இல் கட்டினார்கள். கட்டி என்ன பயன்? முறையான வாசல் ஓரமாக நிற்க, பழைய கல்யாண வாசலுக்குத்தான் ஊர் முழுக்கப் பேர். 2021 பிப்ரவரியில் பூகம்பத்துக்குத் தாங்குமா என்ற சந்தேகத்தில் அகாமொனை அடைத்தார்கள். புகழுக்கு ஒரு குறையும் வரவில்லை. மூடிய கதவுக்கு முன்னால் நின்றும் படம் எடுக்கத்தானே செய்கிறார்கள்.

இனி ஏழைபாழைகளின் வாசல். 1872இல் மெய்ஜி அரசாங்கம் கல்விச் சட்டம் போட்டது. ஊரில் படிக்காத வீடு இருக்கக் கூடாது, வீட்டில் படிக்காத ஆள் இருக்கக் கூடாது என்பது லட்சியம். திட்டம் தோக்கியோவில் உட்கார்ந்து போட்டது. நாட்டை எட்டாகப் பிரி, ஒவ்வொன்றையும் 32ஆகப் பிரி, அதையும் 210ஆகப் பிரி. வந்தது 53,760 தொடக்கப் பள்ளிகள். வாய்ப்பாடு சரியாகத்தான் இருந்தது. பணம் யார் கொடுப்பது என்ற வரி மட்டும் காலியாக இருந்ததால் அதில் பெற்றோரை எழுதிக்கொண்டார்கள். மாதம் 50 சென் கட்டணம், முடியாதவர்களுக்கு 25 சென். வயலில் கூடமாட இருக்கும் பிள்ளையையும் கொடு, பிள்ளையைப் பிடித்துக்கொண்டதற்குக் காசும் கொடு என்றால் குடியானவன் என்ன செய்வான்?

கொளுத்தினான். 1873இல் ஒகாயாமா பக்கத்திலும் ஷிகோகு தீவிலும் இன்னும் சில இடங்களிலும் ஜனங்கள் மூங்கில் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பில் ‘இரத்த வரி’ என்று ஒரு புண்ணியவான் அலங்காரமாக எழுதியிருந்தார். ஜனங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, நிஜமாகவே ஆளைப் பிடித்து இரத்தம் உறிஞ்சப் போகிறார்கள் என்று மிரண்டார்கள். அரிசி விலை, புது வரிகள், தாழ்த்தப்பட்டவர்களுக்குச் சம உரிமை கொடுத்துவிட்டார்களே என்ற வயிற்றெரிச்சல், எல்லாம் சேர்ந்துகொண்டது. இந்தக் கடைசிக் காரணத்தில் கொஞ்சமும் நியாயமில்லை, ஏழைகள் வீடுகளும் அதில் எரிந்தன. போகிற வழியில் அரசாங்கத்தின் சின்னமாக எது கண்ணில் பட்டாலும் தீ. புத்தம்புதுப் பள்ளிகள் நிறையப் போயின. அந்த வருஷம் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 28 சதவீதம் பேர்தான் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். 1900இல் அரசாங்கம் கட்டணத்தைக் கைவிட்டது, 1902இல் சேர்க்கை 90 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

எல்லா ஊரும் கொளுத்தியது என்று நினைத்துவிட வேண்டாம். மலைநாட்டு ஊரான மத்சுமோதோவில் 1876இல் கைச்சிப் பள்ளி எழுந்தது. செலவில் ஏறக்குறைய எழுபது சதவீதம் ஊர்க்காரர்கள் போட்டது. ததேய்ஷி செய்ஜூ என்ற தச்சு மேஸ்திரி தோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் போய் வெள்ளைக்காரக் கட்டடங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கையேட்டில் வரைந்துகொண்டு வந்து கட்டினார். சுவர் மூலைகளில் கல் வைத்தது மாதிரி தெரியும், அது சாந்தில் செய்த கல். உச்சியில் எண்கோணக் கோபுரம். நுழைவு முகப்புதான் அமர்க்களம். கீழே மேகத்துக்குள் நெளியும் கீழைத்தேச டிராகன். மேலே சிறகு முளைத்த கொழுகொழு தேவதைக் குழந்தைகள் இரண்டு, பள்ளிப் பெயர்ப்பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பறக்கின்றன. டிராகனுக்கும் தேவதைக்கும் எந்தப் புராணத்தில் உறவு என்று மேஸ்திரியைக் கேட்டிருந்தால், பேப்பரைக் காட்டியிருப்பார். அந்தத் தேவதைகள் அன்றைய தோக்கியோ நிச்சிநிச்சி செய்தித்தாளின் தலைப்பில் அச்சானவை. இதை 2019இல் ஜப்பான் அரசு தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது.

பிரபு வீட்டுப் பிள்ளைகள் படித்த கக்குஷூயின் பள்ளிக்கு 1877இல் இரும்பிலேயே வாசல் வார்த்தார்கள், கவாகுச்சி ஊர் வார்ப்படக்காரர்கள். சீன மாதிரி வளைவு நெளிவு, சிவப்பும் கறுப்பும் பூசி, ஏதோ அரண்மனையே வந்துவிட்ட தோரணை. பையன்கள் அதன் முன்னால் வண்டியில் வந்து இறங்கினார்கள். வேலைக்காரன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். 1885இல் பள்ளி ஒரு உத்தரவு போட்டது: வண்டியில் வரக் கூடாது, உன் சுமையை நீயே தூக்கு. அதற்காகப் பட்டாளத்தான் முதுகுப்பையைக் கொடுத்தார்கள். அதன் டச்சு மொழிப் பெயரைக் கொஞ்சம் வளைத்து ‘ரந்தோசெரு’ என்றார்கள். இன்று ஜப்பானில் ஆறு வயதுப் பிள்ளை தன்னைவிட அகலமான தோல் பையைச் சுமந்துகொண்டு வாசல் நுழைவது அந்த உத்தரவின் வாரிசாகத்தான்.

அந்தப் பிள்ளையை ஏப்ரலில் வாசலில் நிறுத்தி, ‘நுழைவு விழா’ என்று எழுதிய பலகையை ஒரு பக்கமும், பூத்துக் கொட்டும் செர்ரி மரத்தை மறு பக்கமும் வைத்து, அப்பா அம்மா கறுப்பு உடையில் நின்று படம் எடுப்பது ஜப்பானியக் குடும்பத்தின் தவறாத சடங்கு. அடுத்தடுத்த குடும்பம் வரிசையில் காத்திருக்கும். செர்ரியும் கல்விப் பிறப்பும் ஆதியிலிருந்தே கைகோத்து வந்தவை என்று எல்லாரும் நம்புகிறார்கள். மெய்ஜி ஆரம்பத்தில் உயர் கல்விக் கூடங்கள் செப்டம்பரில்தான் திறந்தன, வெள்ளைக்காரப் பேராசிரியர்களின் நாட்டு வழக்கப்படி. ஏப்ரலைக் கொண்டு வந்தது இரண்டு பேர். ஒருவர் நிதியமைச்சர் மத்சுகதா மசாயோஷி. படைச் செலவு எகிற, கையில் காசு இல்லை. சாராய வரியை முன்னால் இழுத்துக் கணக்கைச் சரிக்கட்டினார். அப்படியே நிதியாண்டையும் நகர்த்தி, 1886 முதல் ஏப்ரலில் தொடங்க வைத்தார். இன்னொருவர் பட்டாளம். அதே வருஷம் படைக்கு ஆள் பதிவையும் செப்டம்பரிலிருந்து ஏப்ரலுக்கு மாற்றினார்கள். செப்டம்பர்வரை காத்திருந்தால் நல்ல பையன்களையெல்லாம் பட்டாளம் அள்ளிக்கொண்டு போய்விடுமே என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளி முதலில் ஏப்ரலுக்குத் தாவியது. மற்றப் பள்ளிகள் பின்னாலேயே வந்தன. பிடிவாதமாக நின்ற தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் 1921இல் இறங்கி வந்தது. சாராய வரியும் துப்பாக்கியும் சேர்ந்து குறித்த முகூர்த்தத்தில் செர்ரி தற்செயலாகப் பூத்துக்கொண்டிருந்தது. பூமி சூடாவதால் இப்போது தோக்கியோவில் அது மார்ச்சிலேயே பூத்து, விழா நாளுக்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது. பெற்றோருக்கு அதில் மகா வருத்தம்.

1890இல் சக்கரவர்த்தியின் கல்விப் பிரகடனம் வந்தது. அதோடு அவர் படமும் பள்ளிகளுக்கு வந்தது. வாசலைத் தாண்டியதும் ஒரு சின்னக் கான்கிரீட் சன்னிதிக்குள் இரண்டையும் வைத்து, வருகிற பிள்ளை போகிற பிள்ளை எல்லாம் இடுப்பு வளைத்துக் கும்பிட வைத்தார்கள். படத்துக்கு ஏதாவது ஆனால் தலைமையாசிரியர் கதி அதோகதி. 1898இல் உவேதா ஊரில் பள்ளி எரிந்து படமும் போனதற்காக ஒரு தலைமையாசிரியர் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். எழுத்தாளர் குமே மசாவோவின் தகப்பனார் அவர். காகிதத்துக்கு மாற்றுக் காகிதம் கிடைக்கும், அந்த வீட்டுக்கு அப்பன் கிடைக்கவில்லை. அந்தச் சன்னிதிகளை 1945க்குப் பிறகு இடித்தார்கள்.

சன்னிதிக்குத் துணையாக நினோமியா கின்ஜிரோவின் சிலை. முதுகில் விறகு, கையில் புத்தகம், நடந்துகொண்டே படிக்கும் பையன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேளாண் சீர்திருத்தக்காரரின் பால்ய வடிவம் அது. உழைப்பும் படிப்பும் ஒன்றாகச் செய் என்று பிள்ளைகளுக்குப் பாடம். போர் முற்றியபோது அந்த வெண்கலப் பையனையே படைக்கு எடுத்து உருக்கிவிட்டார்கள், சில ஊர்களில் தோளில் பட்டை கட்டி வழியனுப்பு விழாவும் நடத்தி. பதிலுக்குக் கல்லில் ஒருவன் வந்தான். இப்போது நடந்துகொண்டே படித்தால் பிள்ளைகள் நடந்துகொண்டே செல்போன் பார்ப்பார்கள் என்று சில பள்ளிகளில் கின்ஜிரோவை உட்கார வைத்துவிட்டார்கள். இருநூறு வருஷம் நடந்தவனுக்கு அப்படியாவது ஓய்வு.

போருக்குப் பிறகு வாசல் யாருக்குச் சொந்தம் என்று மாணவர்களே கேட்டார்கள். 1968–69இல் தோக்கியோ பல்கலைக்கழகப் பிரதான வாசலில் மாவோ படத்தை மாட்டி, கலகம் செய்வது நியாயமே என்று எழுதி வைத்தார்கள். 1969 ஜனவரியில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ் வந்து, மாணவர்கள் பிடித்து வைத்திருந்த யசுதா மண்டபத்தைக் காலி செய்தது. அந்த வருஷம் நுழைவுத் தேர்வே ரத்து. இதற்கு நேர்மாறு வசேதா. அரசாங்கத்திலிருந்து துரத்தப்பட்ட ஓகுமா ஷிகெநோபு 1882இல் ஆரம்பித்த அந்தப் பல்கலைக்கழகத்தின் பிரதான வாசலில் 1930களிலிருந்து கதவே கிடையாது. படிக்கட்டு இருக்கிறது, யாரும் ஏறலாம். எனக்குப் பிடித்த வாசல் அது.

சாதாரணப் பள்ளிகளில் நடந்தது வேறு. 1980களில் மாணவர் வன்முறை என்று நாடே அலறியது. பதிலாக வந்தது கெடுபிடி. காலையில் வாசலில் விளையாட்டு உடையில் ஒரு வாத்தியார் நிற்பார், முடி நீளம் பார்ப்பார், பாவாடை நீளம் பார்ப்பார், மணி அடித்ததும் சக்கரக் கதவைத் தள்ளுவார். பையன்கள் ஓடி வந்து கடைசி நொடியில் நுழைவது காமிக்ஸ் புத்தகங்களில் நல்ல நகைச்சுவை.

1990 ஜூலை 6 அன்று கோபே நகர உயர்நிலைப்பள்ளி ஒன்றில் அது நகைச்சுவையாக இல்லை. பருவத் தேர்வின் முதல் நாள். எட்டரை மணிக்கு ஓர் ஆசிரியர் சுமார் 230 கிலோ இரும்புக் கதவைத் தள்ளி மூடினார். ஓடி வந்த பதினைந்து வயதுப் பெண் இடையில் நசுங்கி இறந்தாள். ஆசிரியருக்குத் தண்டனை கிடைத்தது, சிறை நிறுத்திவைக்கப்பட்டது. கதவைத் தள்ளியது ஓர் ஆள் என்றாலும், நேரத்துக்கு மூடு என்று அவர் பின்னால் நின்று தள்ளியது ஒரு நாட்டின் பள்ளிக் கலாசாரம். அதன் பிறகுதான் இந்தக் கெடுபிடி எதற்கு என்று ஊர் உரக்கக் கேட்டது. பதினோரு வருஷம் கழித்து, 2001 ஜூன் 8இல், ஒசாகாவின் இகேதா தொடக்கப் பள்ளிக்குள் திறந்திருந்த வாசல் வழியாக ஒருவன் கத்தியோடு நுழைந்து எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். அன்றிலிருந்து பூட்டும் காவலாளியும் கேமராவும் வந்தன. மூடியதால் ஒரு சாவு, திறந்து வைத்ததால் எட்டுச் சாவு. இந்தக் கணக்கைத் தீர்க்க யாருக்கும் வழி தெரியவில்லை.

பிள்ளைகள் மட்டும் வாசலை மன்னித்துவிட்டார்கள். மார்ச் மாதப் பட்டமளிப்பு நாளில் பையனின் கறுப்புச் சட்டையில் இரண்டாவது பொத்தானைக் கேட்டு வாங்குவாள் ஒரு பெண். இதயத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அதற்கு மவுசு. பிரபலமான பையன் வாசல் தாண்டும்போது சட்டையில் ஒரு பொத்தானும் இருக்காது. எவளும் கேட்காத பையன் தானே ஒன்றைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேருவதும் நடக்கும் என்று நான் நம்புகிறேன்.

இப்போது வாசல் இருக்கிறது, பிள்ளைதான் இல்லை. 2002 முதல் 2020 வரையான நிதியாண்டுகளில் ஜப்பானில் மூடப்பட்ட அரசுப் பள்ளிகள் 8,580. சில முதியோர் இல்லமாயின, சில சாராய வடிசாலையாயின, மத்சுகதா கேட்டால் மகிழ்வார். ஷிகோகு தீவின் முரோத்தோவில் ஆள் இல்லாமல் மூடிய ஒரு தொடக்கப் பள்ளியை 2018 ஏப்ரலில் மீன் காட்சிச்சாலையாகத் திறந்தார்கள். நீச்சல் குளத்தில் கடலாமைகள் நீந்துகின்றன, கைகழுவும் தொட்டியிலும் ஏதோ ஒன்று நெளிகிறது. கட்டணம் கேட்டார்கள் என்று 1873இல் பள்ளிகளைக் கொளுத்திய அதே தீவில், இன்று பள்ளி வாசலில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு ஜனங்கள் உள்ளே போகிறார்கள்.